எழுபத்து நாலாயிரம் ரூபாய் டப்பா

அத்தியாயம் 7

கதவு சாத்தப்பட்டபோது சர்ஃபராஸ் கையில் பாதி சமோசா இருந்தது. அதை வாயில் போடுவதா, கதவைப் பிடிக்க ஓடுவதா என்று ஒரு விநாடி யோசித்தான். யோசித்த விநாடியிலேயே கதவு முழுசாகச் சாத்திக்கொண்டது. சரி, போனது போகட்டும் என்று சமோசாவை வாயில் போட்டுக்கொண்டான். முப்பத்தாறு வயதில் எந்த ஆபத்துக்காகவும் சாப்பாட்டை வீணாக்கியதில்லை என்பது அவன் வைத்திருக்கும் ஒரே கொள்கை.

வெளியே பூட்டில் சாவி திரும்பியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

“மேடம், நம்மள உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க.”

“எனக்கும் காது கேக்குது சர்ஃபராஸ்” என்றாள் குணசுந்தரி இருட்டுக்குள்ளிருந்து. “சாவி எத்தனை சுத்து?”

“ரெண்டு. உசுரு போற நேரத்துல இன்னா மேடம் இந்தக் கேள்வி?”

“அப்புறம் சொல்றேன். டார்ச்சைப் போடு.”

அவன் செல்போனில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு டார்ச் உண்டு. அந்தப் போனில் அப்போதைக்கு உபயோகமாக இருந்தது அது ஒன்றுதான். நான்கு பக்கமும் இரும்பு; சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

புதுவாயல் கூட்டுரோட்டைத் தாண்டி கும்மிடிப்பூண்டிப் பக்கம் கொஞ்ச தூரம் போனால், கல்கத்தா ரோட்டை ஒட்டினாற்போல துளசிராமனின் கார் ஒர்க்‌ஷாப். அதன் பின்பக்கத்தில் ஒரு பழைய கப்பல் கன்டெய்னரை வாங்கிப் போட்டு, வண்டிகளிலிருந்து கழற்றிய சாமான்களை அதில் அடைத்து வைத்திருந்தார். இப்போது அதில் இரண்டு மனிதர்களும் சேர்த்தி.

இருவரும் கதவைத் தட்டினார்கள், உதைத்தார்கள். சர்ஃபராஸ் தொண்டை கிழியக் கத்தினான். வெளியே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் டிங்கர் ஒருவன் ஒரு பானெட்டை ஜென்மப் பகை போல அடித்துக்கொண்டிருந்தான். கன்டெய்னருக்குள் யானை பிளிறினாலும் வெளியே கேட்டிருக்காது.

“மணி பன்னெண்டு பத்து” என்றாள் குணசுந்தரி. “ரெண்டு மணிக்கு பொன்னேரியில பத்திரம்.”

அதுதான் விஷயம். இரண்டு மணிக்குள் வெளியே போகவில்லை என்றால் தணிகாசலத்தின் நிலம் போச்சு.

தணிகாசலம் ஒரு ரோலிங் மில் முதலாளியின் காரை ஒன்பது வருடமாக ஓட்டுகிறவர். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மில்லின் வண்டிகளையெல்லாம் கவனிக்கும் மானேஜர் சந்திரமோகன் அந்தக் காருக்கு அடியில் குனிந்து பார்த்துக் கூச்சல் போட்டார். புகையைச் சுத்தம் பண்ணுவதற்காக சைலன்சருக்கு முன்னால் ஒரு டப்பா இருக்கும்; கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்பார்கள். அதைக் காணோம். அது இருந்த இடத்தில் யாரோ வெறும் குழாயை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். முந்தின நாள் கார் வேப்பம்பட்டு ஸ்டேஷன் வாசலில் நாலு மணி நேரம் தணிகாசலத்தின் பொறுப்பில் நின்றிருக்கிறது. உள்ளே பிளாட்டினம் இருக்கிற சாமான், டிரைவர்தான் கழற்றி விற்றுவிட்டார் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

புதுசு மாற்ற எழுபத்து நாலாயிரம். தணிகாசலத்தின் சம்பளம் மாதம் நாலாயிரத்து இருநூறு. பணத்தைக் கட்டு, இல்லாவிட்டால் போலீஸ் ஸ்டேஷன் என்றார் சந்திரமோகன். டிரைவிங் லைசென்சைப் பிடுங்கித் தன் டிராயரில் போட்டுக்கொண்டார். வேறு வேலைக்கும் போக முடியாது. மிச்சம் இருந்தது பொன்னேரிக்குப் பக்கத்தில் அறுபது சென்ட் நஞ்சை. அதை வாங்க ஆள் பிடித்துக் கொடுத்த புண்ணியவானும் சந்திரமோகனேதான்.

தணிகாசலத்தின் மனைவி காயத்ரி முந்தாநாள் குணசுந்தரியின் ஆபீசுக்கு வந்து நின்றாள். பொன்னேரி பஜாரில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிறது அந்தத் துப்பறியும் ஆபீஸ். பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக நசுங்கிய கார்களையும் நசுங்காத பொய்களையும் பார்த்து அலுத்துப்போய், குணசுந்தரி அதைத் திறந்து மூன்று வருடமாகிறது. பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரத்தை அண்ணன் ரஷீத் தலையில் கட்டிவிட்டு சர்ஃபராஸ் அங்கே வந்து சேர்ந்ததும் அப்போதுதான்.

“அவுரு சோறு துன்றதில்ல மேடம்” என்றாள் காயத்ரி. “கையெழுத்த போட்டுட்டா நிம்மதியா பூடும்னு சொல்லிக்கினு கீறாரு. செய்யாத தப்புக்கு நெலத்த குடுத்துட்டா எப்டி மேடம் நிம்மதி வரும்?”

அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு காகிதம். புது கன்வெர்ட்டருக்குத் துளசிராமன் எழுதிய விலைச்சீட்டு. எழுபத்து மூவாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். தேதி, நவம்பர் நாலு. குணசுந்தரி அதை ஒரு நிமிடம் பார்த்தாள். நவம்பர் நாலு ஞாயிற்றுக்கிழமை. மெட்ராஸில் அந்தச் சாமான் விற்கும் கம்பெனி ஸ்டோர் அன்றைக்குப் பூட்டு. திருட்டு தெரிந்த அன்றே, கேட்க ஆள் இல்லாத நாளில், அறுபது ரூபாய் வரைக்கும் துல்லியமாக ஒரு மெக்கானிக்குக் கனவிலா விலை சொன்னார்கள்? முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறார். கையில் கிடைத்த துப்பு அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்று காலை ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள்.

வந்தால் சந்திரமோகன் அங்கே இருந்தார். சமோசா வாங்கிக் கொடுத்தார். “தணிகாசலம் எனக்குத் தம்பி மாதிரி மேடம்” என்று நெஞ்சைத் தொட்டார். தனக்கும் துளசிராமன் மேல் ஒரு கண் உண்டு என்று காதோடு சொன்னார். துளசிராமனிடம் சாவியை வாங்கிக் கன்டெய்னரைத் திறந்துவிட்டு, “நல்லா தேடுங்க. நான் பொன்னேரிக்குப் போய் பத்திரத்தை நிறுத்தி வைக்கிறேன்” என்று கிளம்பினார். அவருடைய பைக் உதைபட்டு உறுமுவது கேட்டது. அதற்குப் பிறகுதான் கதவு சாத்திக்கொண்டது.

“அந்த துளசிராமன் வேலைதான் மேடம் இது” என்றான் சர்ஃபராஸ். “மானேஜர் அப்பால போனாரு, இவன் இப்பால பூட்டினான். மூஞ்சப் பாத்தப்பவே நெனச்சேன். வெலச்சீட்டுன்னதும் வேர்த்துச்சு பாருங்க அவனுக்கு.”

“வேர்க்கறவன் எல்லாம் திருடனா? உனக்கு இப்ப கொட்டுதே.”

“எனக்கு பயம் மேடம்.”

கிண்டலுக்கு வாய் வராமல் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நவம்பர் மாத வெயில்தான், ஆனாலும் தகரம் தகித்தது. காற்று என்று சொல்லிக்கொள்ள, கதவோரம் ஒரு துரு ஓட்டை. மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த மூச்சுக்கு மிச்சம் இருக்குமா என்று சந்தேகமாக இருந்தது. சுவர்கள் பக்கத்தில் வருவதுபோல் பட்டது. வரவில்லை என்று தெரியும், இருந்தாலும் கையை நீட்டித் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“எனக்கும் பயம்தான்” என்றாள் குணசுந்தரி. “உக்காரு. கத்தாதே. மூச்சை மிச்சம் பிடி. ஒரு மணிக்கு மில்லு சங்கு ஊதும். சாப்பாட்டு நேரம், கம்ப்ரஸரை நிறுத்துவாங்க. அப்பத் தட்டினா ஊருக்கே கேக்கும்.”

“அது வரைக்கும்?”

“தேடச் சொல்லித்தானே உள்ள விட்டாரு? தேடுவோம்.”

டார்ச் வெளிச்சம் நகர்ந்தது. இரண்டு பக்கமும் இரும்பு அலமாரிகள். ரேடியேட்டர்கள், டைனமோக்கள், கார்புரேட்டர்கள், ஒரு கை இல்லாத ஸ்டியரிங். துளசிராமன் ஒழுங்கான மனிதர்தான் என்று தோன்றியது. ஒவ்வொரு சாமானிலும் எந்த வண்டியில் கழற்றியது என்று வெள்ளைப் பெயின்டில் நம்பர் எழுதியிருந்தது. மாற்றினேன் என்று பில் போடும் மெக்கானிக்கை நம்பாமல், பழசைக் கண்ணில் காட்டு என்று கேட்காத வாடிக்கையாளர் இந்த ஜில்லாவில் கிடையாது.

“இன்னா மேடம், எல்லாம் பொட்டு வெச்சுக்கினு ஜோரா கீது?” என்றான் சர்ஃபராஸ். உட்புறத்து அலமாரிகளில் இருந்த அத்தனை சாமானிலும் சந்தனம், நடுவில் குங்குமம். பிரேக் டிரம்முக்குக்கூட நெற்றி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

“ஆயுத பூஜை.”

“தெரியாதா? பொரி வாங்க வருசா வருசம் மொத ஆளா நிப்பேனே. எங்க அண்ணன் கடைக்கே மூணு பை வரும்.”

குணசுந்தரி டார்ச்சை வாங்கிக்கொண்டு கதவுப் பக்கத்து அலமாரிக்குப் போனாள். திரும்ப உள்ளே வந்தாள். மறுபடி கதவுப் பக்கம் போனாள்.

“இந்தப் பக்கத்துல இருக்கற எதுலயும் பொட்டு இல்ல, பார்த்தியா?”

“பையனுங்களுக்கு குங்குமம் தீந்துருக்கும்.”

“இல்ல. இது பூஜைக்கு அப்புறம் வந்த சாமான். பொட்டு இருக்கறது எல்லாம் பூஜை அன்னிக்கு இங்க இருந்தது. துளசிராமன் தனியா ரிஜிஸ்டரே எழுத வேண்டாம்.”

“சரி, அதுல நமக்கு இன்னா லாபம்?” என்று கேட்டுக்கொண்டே சர்ஃபராஸ், மூலையில் கிடந்த ஒரு கோணி மூட்டை மேல் உட்கார்ந்தான். உடனே எழுந்தான். “யம்மா! குத்துது.”

கோணியைப் பிரித்தார்கள். உள்ளே, எலியை முழுங்கின பாம்பு மாதிரி நடுவயிறு உப்பிய ஒரு இரும்புக் குழாய். இரண்டு முனையும் அறுக்கப்பட்டிருந்தன. உப்பிய வயிற்றில் வெள்ளைப் பெயின்டில் நாலு எண்கள்: 4471. தணிகாசலம் ஓட்டிய காரின் நம்பர்.

எண்களுக்குப் பக்கத்தில் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

சர்ஃபராஸ் குனிந்து நம்பரை இன்னொரு தரம் படித்தான்.

“காருக்கு அடியில மல்லாக்கப் படுத்து யாரும் பொட்டு வைக்க மாட்டாங்க” என்றாள் குணசுந்தரி மெதுவாக. “வெச்சாலும் ஓடற சூட்டுல கருகிப்போகும். ஆயுத பூஜை அக்டோபர் இருபது. அன்னிக்கே இது இந்தக் கன்டெய்னர்ல இருந்திருக்கு. வேப்பம்பட்டுல ‘திருடு’ போனது நவம்பர் மூணு.”

“அப்போ தணிகாசலம் ஓட்டிக்கினு போன வண்டில இது இல்லவே இல்ல!”

“இல்லவே இல்ல.” அவள் குழாயின் ஒரு முனையில் டார்ச்சை வைத்து, மறுமுனையில் கண்ணை வைத்தாள். “உள்ள தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கணும், வெளிச்சம் தெரியணும். இது உருகி அடைச்சுக் கெடக்கு. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலை ரொம்ப நாள் ஊத்தினா இப்படி ஆகும். வண்டி மூச்சு முட்டி இழுக்காது.”

“இப்ப நம்ம கீறாப்ல.”

“ஆமா. செத்துப்போன டப்பாவை எந்தத் திருடனும் திருட மாட்டான், சர்ஃபராஸ். யாரோ வேணும்னே கழட்டச் சொல்லியிருக்காங்க.”

அப்போது தூரத்தில் சங்கு ஊதியது. ஒரு மணி. கம்ப்ரஸர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. சர்ஃபராஸ் ஒரு உடைந்த ஆக்ஸிலைத் தூக்கிக் கதவில் அறைந்தான். அந்த அமைதியில் அது கோயில் மணி போலக் கேட்டிருக்க வேண்டும். யாரோ ஓடி வந்தார்கள்.

“யாரு உள்ள?” துளசிராமனின் குரல்.

“இன்னா நைனா, நீயே பூட்டிட்டு நீயே கேக்கறியா?”

வெளியே காலடி ஓசை விலகிப் போனது. போய்விட்டான், கொல்லத்தான் போகிறான் என்று நினைத்தான் சர்ஃபராஸ். நெற்றியைச் சூடான கதவில் வைத்துக்கொண்டு, இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகள் உமைராவை நினைத்தான். போன வாரம் அவள் கேட்ட கலர் பென்சில் இன்னும் வாங்கவில்லை.

காலடி திரும்பி வந்தது. பின்னாலேயே ஒரு சத்தம். கர்... கர்... கர்...

“ரம்பம்” என்றாள் குணசுந்தரி. அவள் குரலில் ஏதோ ஒரு சந்தோஷம். “ஆக்ஸா பிளேடு போட்டு அறுக்கறாரு. இப்பச் சொல்றேன் கேளு. அழுத்தினா பூட்டிக்கற பூட்டை யாரு வேணாலும் பூட்டலாம். ரெண்டு சுத்து சுத்தற பூட்டுக்குச் சாவி கையில இருக்கணும். பூட்டினவன் சாவியோட வருவான். இவரு ரம்பத்தோட வந்திருக்காரு.”

சர்ஃபராஸுக்கு மெல்ல உறைத்தது. சாவி கடைசியாக யார் கையில் இருந்தது? சமோசா வாங்கிக் கொடுத்த கையில்.

பழைய பூட்டு, இருபது நிமிடம் ஆயிற்று. கதவு திறந்து வெளிச்சமும் காற்றும் உள்ளே விழுந்தபோது துளசிராமன் வியர்வையில் நனைந்து நின்றார். “நீங்க பஸ்சு ஏறிப் போயிட்டதா மானேஜர் சொன்னாரு மேடம். பைக்க அணைக்காம நிறுத்திட்டுத் திரும்பி வந்தாரு. சாவி குடுக்க வர்றாருன்னு நெனச்சேன், குடுக்காமயே போயிட்டாரு.” பிறகுதான் அவர் பார்வை சர்ஃபராஸின் கையிலிருந்த கோணிமேல் விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நான்தான் கழட்டினேன்” என்றார். “பூஜைக்கு ரெண்டு நாள் முன்னாடி. மானேஜர் புதுவாயல்ல பீப்பாய்ல மலிவு பெட்ரோல் வாங்கி ஊத்தி, பங்க் பில்லு வெச்சு மில்லுல டப்பு வாங்கிக்கினு இருந்தாரு. டப்பா அடைச்சிக்கிச்சி. மொதலாளிக்குத் தெரிஞ்சா பெட்ரோல் விசயமும் வெளிய வரும். கழட்டிட்டு கொழா வைன்னாரு, வெச்சேன். அப்பறம் திடீர்னு மொதலாளி வண்டிய திங்கக்கெழம கம்பெனி சர்வீசுக்கு மெட்ராஸ் அனுப்பறேன்னாரு. அங்க தூக்கினா தெரிஞ்சிடும்னு, ஞாயித்துக்கெழம அந்தப் பாவி மேல பழியப் போட்டாரு.”

“நீங்க ஏன் வாயைத் திறக்கல?”

“மில்லு வண்டி இருவத்திரண்டு மேடம். அது இல்லன்னா இந்த ஷெட்டே இல்ல. எட்டு பேருக்கு சம்பளம் குடுக்கறேன். நானும் மாட்டிக்கினேன்.” அவர் அழவில்லை. அழுதிருந்தால் பார்க்கச் சுலபமாக இருந்திருக்கும்.

“மானேஜருக்கு இது இங்க கீறது தெரியாதா?” என்றான் சர்ஃபராஸ்.

“எடைக்குப் போட்டுடுன்னாரு. போட்டாச்சுன்னு சொல்லிட்டேன்.”

“ஏன் போடல நைனா?”

துளசிராமன் அவனை விசித்திரமாகப் பார்த்தார். “பசங்க பூஜையில பொட்டு வெச்சுட்டானுங்க பாய். பொட்டு வெச்ச சாமான எப்டி எடைக்குப் போடறது? அடுத்த பூஜை வரைக்கும் இருக்கட்டும்னு மூலையில வெச்சேன்.”

தடயத்தைத் தேடி வந்தவர்களைத் தடயத்தோடு சேர்த்தே வைத்துப் பூட்டிய மேதாவியை நினைத்து சர்ஃபராஸுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மணி ஒன்றரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

டீக்கடையோரம் நிறுத்தியிருந்த அவனுடைய பழைய ஸ்கூட்டர் அன்றைக்கு ஓடினதுபோல் அதற்கு முன்னும் ஓடினதில்லை, பின்னும் ஓடவில்லை. குணசுந்தரி பின்னால் உட்கார்ந்து, கோணியை மடியில் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டாள். வயல்களில் சம்பாப் பயிர் பச்சையாக நின்றது. இதில் எது அந்த அறுபது சென்ட் என்று சர்ஃபராஸ் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

பொன்னேரி சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குள் நுழைந்தபோது தணிகாசலம் பெஞ்சில் குனிந்திருந்தார். மூன்று பக்கப் பத்திரம். இரண்டு பக்கத்தில் கையெழுத்து விழுந்திருந்தது. மூன்றாவதில் பேனா. சந்திரமோகன் தோளில் கைபோட்டு, எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். காயத்ரி சுவரோரம் முந்தானையை வாயில் வைத்தபடி நின்றாள்.

சர்ஃபராஸ் கோணியைப் பத்திரத்தின் மேலேயே வைத்தான். ‘தொம்’ என்று விழுந்தது.

“இன்னாய்யா குப்ப இது?” என்றார் சந்திரமோகன். முகம் வெளுத்திருந்தது. செத்தவர்கள் எழுந்து வந்தால்கூட அவ்வளவு வெளுத்திருக்காது.

“நீங்க கேட்ட எழுபத்து நாலாயிரம்” என்றாள் குணசுந்தரி. “நம்பர் எழுதியிருக்கு. ஆயுத பூஜைப் பொட்டு வெச்சிருக்கு. பூஜைக்கு முன்னாலயே கழட்டின சாமானை, இவர் பதினஞ்சு நாள் கழிச்சு வேப்பம்பட்டுல எப்படிக் கழட்டினாருன்னு கொஞ்சம் சொல்லுங்க.”

“அது... அந்த துளசிராமன் பண்ண வேல. அவன்தான் திருடன். உங்கள உள்ள வெச்சுப் பூட்டினதும் அவன்தான்!”

குணசுந்தரி கைப்பையிலிருந்து அறுபட்ட பூட்டை எடுத்துக் கன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“எங்களை யாரோ பூட்டினாங்கன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே சார்.”

சந்திரமோகனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், பாதியில் நின்றது. மெல்லிய வெள்ளைச் சட்டை; பைக்குள் விரல் நீளத்துக்கு ஒரு நாட்டுப் பூட்டுச் சாவி நன்றாகவே தெரிந்தது.

“எடுத்து வெச்சிடுங்க சார்” என்றான் சர்ஃபராஸ். “நெஞ்சுக்கிட்ட குத்தும். அப்பப்ப தொட்டுக்கற எடம் வேற.”

பத்திரம் எழுதுகிறவர் யாரும் சொல்லாமலே மூன்று தாளையும் உருவி எடுத்து, குறுக்கே கிழித்தார். சர்ஃபராஸ் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். குணசுந்தரி போனை எடுத்து மில் முதலாளியின் நம்பரைப் போட்டாள்.

தணிகாசலம் இது எதையும் பார்க்கவில்லை. கோணியை விலக்கி, உள்ளே இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது இன்னா மேடம்?”

“நீங்க திருடிட்டதா சொன்னது இதைத்தான்.”

அவர் அதை இரண்டு கையாலும் தூக்கினார். திருப்பினார். நம்பரைத் தடவினார். “இதுவா?” என்றார். “இத்தயா? ஒம்போது வருசம் ஓட்டியிருக்கேன், இன்னிக்குத்தான் மேடம் கண்ணால பாக்கறேன்.” பிறகு சுவரோரம் திரும்பி, “காயத்ரி, இந்தா, இதாம் அது” என்று அவளுக்கும் தூக்கிக் காட்டினார். அதை மேசைமேல் வைத்துவிட்டு, அத்தனை பேர் நடுவிலும் விம்மி விம்மி அழுதார்.

காயத்ரி பக்கத்தில் வந்து முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடித்ததும் தணிகாசலம் தலையை நிமிர்த்தி, இருபத்து நாலு நாளாக அவள் காத்திருந்த ஒரு வார்த்தையைச் சொன்னார்.

“பசிக்குது.”